மாப்பிள்ளை கைவைத்த வீடு

சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு. 2004இல் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாசற்படி ஏறினால் போதும், அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் தேள் கொட்டினாற்போல எழுந்துவிடுவார்கள். மாமியார் அதை முந்தானையால் ஒரு தடவை துடைப்பார். "ஒக்காருங்க மாப்ள" என்பார் மாமனார். நான் உட்காருவேன். பூப்போட்ட கண்ணாடி கிளாஸில் காப்பி வரும். நான் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பார்கள், நானும் அவர்களைப் பார்ப்பேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. மாதம் இரண்டு தடவையாவது சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவோம். மாப்பிள்ளை மரியாதை என்பது முதல் மூன்று மாதம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு கழுத்து வலிக்கும். எனக்கு அந்த வீட்டில் மரியாதை ஜாஸ்தி, இடம் கம்மி.

என் அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு என்னைத் திட்ட வராது, திட்ட ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவாள். அதனால் உரிமையோடு ஒருவர் என்னைத் திட்டினார் என்று சொல்லிக்கொள்ள ஆளே கிடையாது. ஆனால் மாமனார், பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து கொத்தனார்களையும் சித்தாள்களையும் மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு "டேய்" போட்டால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அந்த "டேய்" எல்லாம் அவர் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு. "எருமமாடே, பக்கெட்ட இப்புடியாடா வெப்ப?" என்பார். அடுத்த நிமிஷமே அப்பாவும் மகனும் ஒரே பொட்டலத்திலிருந்து மெதுவடை தின்பார்கள். நான் கைப்பிடி நாற்காலியில் தனி வாழையிலையில் தனி வடையோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தத் திட்டில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ஏங்கினேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் விருந்தாளி. வீட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்பவன் வீட்டு ஆள். இப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

முதலில் மாட்டியது கொல்லைப்புறக் குழாய். சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டுகிற குழாய்க்கு வேண்டியது உள்ளே ஒரு புது ரப்பர் வாஷர். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், சொட்டுகிறது என்றால் சரியாக இறுக்கவில்லை என்பதுதான். இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று சுற்றியபோது குழாய் கழுத்தோடு கையில் வந்துவிட்டது. மிச்சம் சுவருக்குள். தண்ணீர் என் மூக்கைக் குறிபார்த்து அடித்தது.

மாமனார் ஓடிவந்து வால்வை மூடினார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"பழைய கொழாய் மாப்ள. நீங்க கைய வெக்கலன்னாலும் நாளைக்கி அதுவே ஒடைஞ்சிருக்கும்" என்றார்.

"மாப்ளைக்கி நல்ல பலம்" என்றார் மாமியார், கதவுக்குப் பின்னாலிருந்து.

இதில் ஏமாற்றம் பாதி, பெருமை பாதி. ஒருவேளை நமக்கு இந்த வேலை வருகிறதோ என்று ஓர் எண்ணம் விழுந்தது. தப்பு செய்தவனிடம் தப்பென்று யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த ஆறு வருஷம் நானே சாட்சி.

அந்த வீட்டுக் கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை. மாமியார் எத்தனையோ வருஷமாகத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார். அதில் ஒரு பொங்கல் சமயம் சின்னதாகக் குங்குமக் கறை விழுந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி போயிருக்கும். நான் பாத்ரூமிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்துவந்தேன். ஊற்றியதும் தரை சுர்ரென்று பொங்கியது. கறை போய்விட்டது, உண்மை. கூடவே சிவப்பும் போய், இலங்கை வரைபடம் மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு உருவானது. மாமியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூடம் வெளிச்சமா இருக்குது" என்றார். சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பும்போது அதன்மேல் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது.

பிறகு கதவு. ஐப்பசி மழையில் மரக்கதவு ஈரத்தைக் குடித்து உப்பி, நிலையில் சிக்கிக்கொண்டு மூட வராது. மழை விட்டு நாலு வெயில் அடித்தால் தானாகவே பழையபடி இளைத்துவிடும். உப்பிய கதவை இழைக்கக் கூடாது என்பது தச்சு வேலையில் பால பாடமாம். நான் இழைப்புளி இரவல் வாங்கிவந்து இரண்டு மணி நேரம் இழைத்தேன். அன்றைக்குக் கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. சித்திரை மாதம் போனபோது கதவை மூடித் தாழ்ப்பாள் போட்ட பிறகும் பக்கவாட்டு இடுக்கு வழியாக ஒரு பூனை சாவகாசமாக உள்ளே வந்து, என்னைப் பார்த்து நன்றி சொல்வதுபோல் கத்திவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனது.

"நல்லா காத்து வருது மாப்ள" என்றார் மாமனார்.

சுவரைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு அப்புறம்தான் அதைத் தொட வேண்டும். நான் அதன்மேலேயே ஆயில் பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன், ஈரம் வெளியே தெரியக் கூடாது என்று. ஈரத்துக்கு அது தெரியவில்லை. அடுத்த தடவை போனபோது சுவர் முழுக்க அப்பளம் அப்பளமாக எழும்பியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மாமனார் அந்தக் கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடிக்கிற சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்டது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்ல கலரு மாப்ள" என்றார்.

இப்படியே என் புகழ் வளர்ந்துகொண்டிருந்த 2010இல் மச்சானுக்குப் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எங்களை ஏற்றிவிட வந்தவன், புதுமாப்பிள்ளை ஆகப்போகிற தைரியமோ என்னவோ, வாயை விட்டுவிட்டான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க ஞாயித்துக்கெழம பஸ் ஏறுனா, திங்கக்கெழம காலையில எங்க வூட்டுக்குக் கொத்தனாரு வருவாரு."

"எதுக்கு?"

"நீங்க செஞ்சத சரி பண்ணத்தான். ஆறு வருசமா வர்றாரு. கடலூர் மாப்ள வந்துட்டுப் போனாரான்னு அவுரே போன் போட்டுக் கேப்பாரு."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் பழுது பார்த்ததாக நினைத்த கொல்லைக் குழாய் முதல் ஜன்னல் கொக்கி வரை ஒன்றுகூட என் கையால் சரியானது இல்லையாம்.

"ஏன்டா, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"மாப்ளகிட்ட எப்புடி சொல்றது?" என்றான். பிறகு அந்த வீட்டின் பழைய கதையைச் சொன்னான். மாமனாருடைய தங்கையை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கையின் கணவர் ஒரு தடவை இங்கே வந்தபோது சாக்கடைக் குழாயை வாட்டம் இல்லாமல் பதித்துவிட்டார். தண்ணீர் வெளியே போகாமல் சமையல்கட்டுக்குள் திரும்பி வந்தது. வேலை செய்த இடங்களில் கத்திப் பழகிய வாய், மாமனார் நாலு பேர் முன்னால், "இது கூடத் தெரியாதாய்யா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் பதினோரு வருஷம் வாசற்படி மிதிக்கவில்லை, தங்கையையும் அனுப்பவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே ஊர்த் தேரோட்டத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அதுலேருந்து மாப்ள வூட்டையே கொளுத்துனாலும் அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அக்காவ அனுப்பாம வுட்டுட்டீங்கன்னா?"

பஸ்ஸில் மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் எல்லாம் தெரியும். "அப்பா சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். புதுச்சத்திரம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நான் மட்டும் மனசுக்குள் புழுங்கினேன். நான் திட்டு வாங்க ஆசைப்பட்டு உடைத்துக்கொண்டே போயிருக்கிறேன். அவர் மகளை இழக்கப் பயந்து ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

புத்தியுள்ளவன் அதோடு ஸ்பேனரைக் கீழே வைத்திருப்பான். நான், ஒரே ஒரு வேலையையாவது கொத்தனார் தேவைப்படாதபடி செய்துகாட்டி அவர் மனசைக் குளிரவைப்பது என்று முடிவெடுத்தேன்.

கூடத்தின் மேல்தளத்தில் ஒரு மூலையில் ஈரத் திட்டு இருந்தது. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும் முன் ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் துளைகளை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் பொறுத்துக் கீழே எங்கே கசிகிறது என்று பார்ப்பது. முறையான வழிதான். பங்குனி வெயிலில் செய்ய வேண்டியதை ஐப்பசியில் செய்தேன், அதுதான் வித்தியாசம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாடியின் இரண்டு ஓரத்துத் துளைகளையும் சாக்கால் அடைத்தேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் அப்படியும் கசிந்தது. அதனால் மேலே கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அப்பினேன். நான் பூசிய சிமெண்ட் உறுதியாகப் பிடித்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அது காய்ந்ததும் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் வைத்து இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரை நிரப்பினேன்.

மாமனார் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தார், சிமெண்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். என் பக்கத்திலேயே நின்றிருந்த மனைவியிடம், "அம்மாடி, வானம் மூட்டமா இருக்குதுன்னு அவுருகிட்ட சொல்லு" என்றார்.

"வானம் மூட்டமா இருக்குதாம்" என்றாள் அவள் என்னிடம்.

"இது ஏமாத்து மேகம். மழ வராது" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கைப்பிடி நாற்காலியில் கண்ணயர்ந்தேன். மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது நெற்றியில். வெளியே மழை சட்டிபானையைக் கவிழ்த்தது மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் அந்த ஒரு மூலை என்றில்லாமல் எட்டு இடத்தில் ஒழுகியது. மாமியார் குண்டான், அண்டா, தோசை மாவுச் சட்டி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து அடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாமி அலமாரிக்கு முன்னால் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின்மேல் மச்சான் குப்புறக் கவிழ்ந்து படுத்திருந்தான். பத்திரிகை மூலைகளில் தடவிய மஞ்சள் கரைந்து அவன் சட்டையெல்லாம் மஞ்சள்.

மாமியார் அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்து, "ஒழுகற எடத்த மாப்ள கண்டுபுடிச்சிட்டாரு" என்றார்.

நான் மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் சூழ, மாடி குளமாக நின்றது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பழைய சுண்ணாம்புத் தளம், அதன் தலையில் இத்தனை பாரம். மாமனார் பின்னாலேயே வந்தார். ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் குடை. அந்தக் குடையை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தபடி, "நனையாதீங்க மாப்ள" என்றார். ஒரு மனுஷனுக்கு மரியாதை எவ்வளவு தூரம் போகலாம் என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடப்பாரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"என்கிட்ட குடுங்க மாப்ள."

"நான் பாத்துக்கறேன் மாமா."

கலங்கிய தண்ணீருக்கடியில் நான் அப்பிய சிமெண்ட் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காலால் துழாவினேன். அகப்படவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் இறங்க வேண்டும், அவ்வளவுதானே? அடைத்த ஓட்டையை எதற்குத் தேட வேண்டும், நடுவில் புதிதாக ஒன்று போட்டால் இறங்கிவிடாதா? காலை அகட்டி நின்று, சரியாகக் கூடத்தின் தலைக்குமேல், கடப்பாரையை ஓங்கினேன்.

"டேஏஏய்!"

தெருமுனை நாய் குரைத்தது. குடை பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டியது.

"அறிவு இருக்காடா உனக்கு? கீழ பொண்டாட்டி, மச்சான், மாமியா எல்லாரும் இருக்கறாங்க, தளத்த ஒடைக்கப் பாக்குறியே! கீழ போடுடா அத! ஆறு வருசமா பல்ல கடிச்சிக்கிட்டு இருக்கறேன்டா! கொழாய புடுங்குன. தரையில ஆசிட்ட ஊத்துன. எவனாவது மழக்காலத்துல கதவ இழைப்பானா? அந்தப் பூன மூணு குட்டி போட்டிருக்குதுடா உள்ள வந்து! ஈரச் செவுத்துல ஆயில் பெயிண்ட்டு! நானும் முப்பது வருசம் வேல வாங்குனேன், உன்ன மாதிரி ஒரு தண்டத்த பாத்ததில்லடா!"

பேசிக்கொண்டே கடப்பாரையைப் பிடுங்கி, சுவரோரமாக நாலு எட்டு வைத்து நின்று, ஒரே குத்துக் குத்தினார். சாக்கு பிய்ந்தது. தண்ணீர் கடகடவென்று சத்தம் போட்டு இறங்கியது.

அப்புறம்தான் தான் பேசியது அவர் காதில் விழுந்ததுபோல. முகம் அப்படியே வெளுத்துவிட்டது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றார். படிக்கட்டில் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் மனைவிகூடச் சிரிக்கவில்லை. மூன்று பேருக்கும் என்ன ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். ஸ்ரீமுஷ்ணம்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்க ஏங்கியது மொத்தமாக, வட்டியும் முதலுமாகக் கிடைத்திருக்கிறது. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வந்தது இவ்வளவுதான்.

"மாமா, அந்தப் பக்கம் இன்னொண்ணு அடைச்சி வெச்சிருக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். மழைத் தண்ணீர் வழிகிற முகத்தோடு என்னை உற்றுப் பார்த்தார். நான் கோபத்தில் இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பறம் இன்னும் என்னடா நிக்கிற? போய் ஒடை! தளத்த இல்ல, சாக்க!"

ஓடினேன். வாழ்க்கையில் ஒரு வேலையை அத்தனை சந்தோஷமாக நான் செய்ததில்லை.

அடுத்த தடவை நாங்கள் சிதம்பரம் போக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மாமியார் தினம் போன் செய்து, "அவுரு நல்லா இருக்கறாரா? வருவாராமா?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் வாசற்படி ஏறியபோது மாமனார் கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாதி எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா? மோட்டார் ஓடுது, போய் நிறுத்திட்டு வா. சுவிட்ச மட்டும் தொடு, வேற எதுலயும் கைய வெக்காத."

நிறுத்திவிட்டு வந்தேன். உட்கார இடம் பார்த்தேன். கூடத்தில் கிடந்த கோரைப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நான் ஆசிட் ஊற்றிய அந்த வெள்ளைத் திட்டின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாமியார் காப்பி கொண்டுவந்தார். பூப்போட்ட கிளாஸில் இல்லை, மச்சான் குடிக்கிற, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில்.

"சூடா இருக்கும், மேல ஊத்திக்காதடா" என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.